வெறும் வயிற்றுக் குளிசை

"குளிசை முழுங்குனதும் வலி எங்கம்மா போவும்?"

துஷாந்தினி இதைக் கேட்டபோது அவளுக்கு ஐந்து வயது. அம்மா அண்ணாந்து வாயில் போட்ட மஞ்சள் குளிசை தொண்டையில் இறங்குவதை அடுப்படியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். ஜீவராணிக்குச் சிரிப்பு வந்தது.

"மலைக்கு அந்தாண்ட போயிரும். சாயந்தரம் நம்ம கூடவே திரும்பி வந்துரும்" என்றாள்.

பிள்ளை அதை நம்பியது. அன்று மாலை லயத்து வரிசை வீட்டு வாசலில் நின்று மலையையே பார்த்துக்கொண்டிருந்தது.

இப்போது துஷாந்தினி பண்டாரவளையில் ஒரு துணிக்கடையில் வேலை செய்கிறாள். பௌர்ணமிப் போயா விடுமுறையில் வீட்டுக்கு வந்து போவாள். பூனாகலை ரோட்டை ஒட்டிய அந்தத் தோட்டத்தின் மேல் டிவிசனில் ஜீவராணி இன்னும் கொழுந்து எடுக்கிறாள். வலியும் மாலையில் அவளோடு திரும்பி வருகிறது. முன்பு எப்போதாவது ஒரு குளிசை. இந்த இரண்டு வருடமாக அது தினசரி ஆகிவிட்டது.

விடியுமுன் எழுந்து அடுப்பைப் பற்றவைப்பாள். தேயிலைச் சாயத்தைக் கொதிக்கவைத்து, உள்ளங்கையில் கொஞ்சம் சீனியை வைத்து நக்கிக்கொண்டே குடிப்பாள். கடைசி மிடறோடு மஞ்சள் குளிசை இறங்கும். ரொட்டியைச் சுட்டு, மிளகாய்க் கட்டச்சம்பலோடு துணியில் சுற்றி இடுப்பில் செருகிக்கொள்வாள். சாப்பிடமாட்டாள். அவள் மட்டுமல்ல, அந்த லயத்துப் பெண்கள் யாரும் காலையில் ஆள் எண்ணும் பெரட்டுக்குப் போகுமுன் சாப்பிடுவதில்லை. சாப்பிட்டால் மேடு ஏற மூச்சு வாங்கும் என்று வெளியில் சொல்வார்கள். உண்மைக் காரணம் வேறு. கொழுந்து மலையில் பெண்கள் ஒதுங்க இடம் கிடையாது. கீழே ரோட்டில் பஸ் போகும், மேலே தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டும் ஆட்கள் நிற்பார்கள். ஆகவே வயிற்றைக் காலியாக வைத்துக்கொண்டு மலையேறுவது அவர்களுக்குச் சிறுவயதிலிருந்தே பழக்கம்.

அவளுடைய புருஷன் அழகையா கவ்வாத்து வெட்டுகிறவன். அதிகம் பேசமாட்டான். கத்தியைத் தீட்டிக்கொண்டே, "தின்னுட்டுப் போயேன்" என்பான். "பத்து மணிக்குத் திங்கறேன்" என்பாள் அவள். அவ்வளவுதான் அந்தப் பேச்சு.

பத்து மணிக்குப் பெண்கள் நிழல் மரத்தடியில் உட்காருவார்கள். ரொட்டி பிரியும், வெற்றிலை கை மாறும். வெற்றிலையோடு குளிசையும் கை மாறும். அதைக் கொண்டுவருகிறவள் கலாராணி. லயத்தில் ஜீவராணிக்கு அடுத்த அறை, பக்கத்துக் காம்பராக்காரி, அவளைவிட ஏழெட்டு வயது மூத்தவள். புருஷன் இறந்துபோக, மகன் குடும்பத்தோடு கொழும்பில் இருந்தான். சம்பளம் கொடுத்த மறுநாள் பஸ் ஏறி டவுனுக்குப் போய், ஸனூஸ் முதலாளியின் மருந்துக்கடையில் எல்லோருக்குமாக வலிக் குளிசை வாங்கி வருவாள். பழைய பால்மா டின் ஒன்றில் அவை இருக்கும். யாருக்காவது இடுப்பு பிடித்தால், கை குடைந்தால், டின்னின் மூடி திறக்கும்.

"இந்தா, வெத்தலை. இந்தா, அதுக்குத் தொணை."

"காலையிலயே ஒன்னு போட்டேன் அக்கா."

"அது மஞ்சள்டி, முழங்காலுக்கு. இது செகப்பு, இடுப்புக்கு. ரெண்டும் சண்டை போடாது, முழுங்கு."

ஒருத்தி சொன்னாள்: "கலாராணி அக்கா செத்தா பொட்டிக்குள்ள இந்த டின்னையும் வச்சுத்தான் அனுப்பணும்."

"அடி போடி. செத்ததுக்கப்புறம் எனக்கு ஏது வலி? டின்னை ஒனக்கு எழுதி வச்சிட்டுப் போறேன். நீதான் எப்பப் பாரு ஐயோ அம்மான்னு கெடக்குற."

எல்லோரும் சிரித்தார்கள். கொடுப்பதை வாங்காவிட்டால் கலாராணியின் முகம் வாடிவிடும். ஜீவராணி சிவப்பையும் விழுங்கினாள்.

ஸனூஸ் முதலாளி ஒவ்வொரு முறையும் கேட்பார்: "சாப்பிட்டுட்டுத்தானே குடிக்கிறீங்க?" கலாராணி ஒவ்வொரு முறையும், "ஆமாங்க முதலாளி" என்பாள். அவள் பொய் சொல்லவில்லை. விடியற்காலையில் சீனியோடு சாயத்தண்ணி குடித்தாகிவிட்டது. அது சாப்பாடு இல்லை என்று அவளுக்கு யாரும் சொன்னதில்லை.

ஐப்பசி மழை தொடங்கியதும் கொழுந்து முட்டிக்கொண்டு வந்தது. ஈரக் கூடை தலைக்கயிற்றில் இழுத்தது. ஹல்துமுல்லைப் பக்கமிருந்து பனி ஏறி வந்து மலையை மூடும், விலகும், மறுபடி மூடும். ஜீவராணிக்கு நெஞ்சுக்குக் கீழே ஒரு எரிச்சல் தொடங்கியது. காலியான வயிற்றில் கொள்ளிக்கட்டையை வைத்ததுபோல் இருந்தது. இன்னொரு கோப்பை தேத்தண்ணி குடித்தால் கொஞ்சம் அடங்கும். பிறகு முன்னைவிடக் கூடுதலாக எரியும்.

ஒரு நாள் தண்ணீர் விழும் பீலிக்கரையில் துணி அலசும்போது கலாராணியிடம் மட்டும் மெதுவாகச் சொன்னாள்.

"அக்கா, வெளிக்கிப் போறது கறுப்பா இருக்கு. தார் மாதிரி."

"கிளினிக்குல ரத்தம் கொறைவுன்னு இரும்புக் குளிசை குடுத்தாங்கல்ல?"

"ஆமா, போடறேன்."

"அதாண்டி. இரும்புக் குளிசை போட்டா கறுப்பாத்தான் போவும். எம் மருமக புள்ளைத்தாச்சியா இருக்கையில அப்பிடித்தான் பயந்தா. டொக்டரே சொன்னாரு, ஒன்னுமில்லன்னு."

"தலையும் சுத்துது அக்கா."

"ரத்தம் கொறைஞ்சா சுத்தாம? நீ அதை விடாமப் போடு."

கலாராணி சொன்னதில் தவறு சொல்ல முடியாது. இரும்புக் குளிசை கறுப்பாக்கும்தான். அந்தப் பாதி உண்மையை நம்பி இரண்டு பேரும் நிம்மதியாகத் துணி அலசினார்கள்.

அடுத்த வாரம், மழை விட்ட ஒரு காலையில், தேயிலை நிரையின் நடுவில் ஜீவராணி உட்கார்ந்தாள். கூடைக் கயிறு நெற்றியிலிருந்து நழுவியது. தேயிலைச் செடியைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தாள். முதலில் கோப்பித் தூளைப்போல் கறுப்பாக வந்தது. பிறகு சிவப்பாக வந்தது.

"ஐயோ, ரத்தம்! கங்காணி! கங்காணி!"

கங்காணி புவனேந்திரன் கண்டிப்பான ஆள். ஒரு முற்றல் இலை கூடையில் கிடந்தாலும் குரல் உயரும். அவர் ஓடி வந்து பார்த்தார். கீழே ரோட்டில் கொழுந்து லொறி பாதி ஏற்றியபடி நின்றது.

"சாக்கெல்லாத்தையும் எறக்கு. தார்ப்பாயை விரி. தூக்குங்க இவங்களை."

"தரை ஈரத்துல கொழுந்து நனையுமே கங்காணி, பெக்டரியில கேப்பாங்க" என்றான் லொறிக்காரன்.

"நனையட்டும். கேட்டா எம் பேரைச் சொல்லு."

தார்ப்பாயில் கலாராணியின் மடியில் ஜீவராணியின் தலை கிடந்தது. ரோட்டின் ஒவ்வொரு குழியிலும் கலாராணி "மாரியாத்தா, மாரியாத்தா" என்றாள். கூட வந்த ஒருத்தி அழுகைக்கிடையில், "குளிசை குடுத்தது யாருன்னு பொலீசு கேக்குமோ என்னவோ" என்று சொல்லிவிட்டாள். கலாராணியின் குரல் அதோடு நின்றுபோனது. மயக்கத்திலும் ஜீவராணிக்கு அது கேட்டது.

முதலில் பக்கத்து ஆஸ்பத்திரி, அங்கிருந்து அம்புலன்ஸில் பதுளைப் பெரியாஸ்பத்திரி. யாரோ கொடுத்த இரத்தம் ஒரு பையிலிருந்து அவள் கைக்குள் சொட்டுச் சொட்டாக இறங்கியது. தொண்டை வழியே குழாய் விட்டுப் பார்த்தார்கள். வயிற்றில் ஆழமான ஒரு புண் இருந்தது. அதிலிருந்துதான் இரத்தம் கசிந்திருந்தது. குழாய் வழியாகவே கசிவை நிறுத்தினார்கள்.

டொக்டர் சிங்களத்தில் கேட்டதை வாட்டு நேர்ஸ் றிப்தா தமிழில் கேட்டாள். பதுளைப் பிள்ளை, முக்காட்டுக்குள் சின்ன முகம், சிரித்த கண்கள்.

"என்ன குளிசை குடிச்ச நீங்க? வலிக்கு ஏதும்?"

ஜீவராணி கூரையைப் பார்த்தாள். "ஒன்னும் இல்லைங்க மிஸ். கிளினிக்குல குடுத்த இரும்புக் குளிசை மட்டும்."

"வேற ஒன்னுமே இல்லையா? முழங்கால் இப்பிடி வீங்கி ஈக்குது, நோவு இல்லையா?"

"இல்லைங்க."

றிப்தா அவளை அதட்டவில்லை. போர்வையைக் கால்வரை இழுத்துவிட்டாள். "நான் ஒங்கள ஏச மாட்டேன் அம்மா. என்ன குடிச்சன்டு தெரியாம அனுப்பினா, வீட்டுக்குப் போய்த் திரும்ப அதத்தான் குடிப்பீங்க. அடுத்த தடவ லொறி வந்து சேருமோ தெரியாது. அதுக்குத்தான் கேக்கிறேன்."

ஜீவராணி கண்ணை மூடிக்கொண்டாள். மூடிய கண்ணிலிருந்து தண்ணீர் காதுப் பக்கமாக ஓடியது.

பார்வையாளர் நேரத்தில் அழகையாவும் துஷாந்தினியும் வந்தார்கள். பின்னால் கலாராணி, கோயிலுக்குக் கட்டும் சேலையில், மார்போடு ஒரு சீலைப் பையை அணைத்தபடி வந்தாள். றிப்தா கட்டிலருகே நின்றிருந்தாள். பைக்குள் இருந்த பால்மா டின்னை எடுத்துப் போர்வைமேல் அப்படியே கவிழ்த்தாள். மஞ்சளும் சிவப்புமாக அட்டைகள் சரிந்தன.

"நான்தான் மிஸ் குடுத்தேன். ரெண்டு வருசமா நான்தான் குடுத்தேன். பொலீசுல சொல்லணும்னா சொல்லுங்க. அவ மேல ஒரு குத்தமும் இல்ல."

"அக்கா, சும்மா இருங்க" என்றாள் ஜீவராணி.

"நீ சும்மா இரு. சாகக் கெடந்தும் எம் பேரைச் சொல்லாம கெடக்குறா பாருங்க மிஸ், பைத்தியக்காரி!"

பக்கத்துக் கட்டில்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். றிப்தா கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து அட்டைகளைப் பிரித்து அடுக்கினாள்.

"பொலீஸ் எதுக்கு? நீங்க செஞ்சது நல்லெண்ணத்தில. ஆனா இதப் பாருங்கோ. மஞ்சளும் செகப்பும் நிறந்தான் வேற. ரெண்டும் ஒரே சாதி மருந்து. முழங்காலுக்கு வேற, இடுப்புக்கு வேறன்டு இல்ல. ரெண்டையும் குடிச்சா ஒரே மருந்த ரெட்டிப்பாக் குடிச்ச மாதிரி."

"வலி கேட்டுச்சே மிஸ்."

"கேக்கும். ஆனா வயித்துக்கு உள்பக்கம் ஒரு வழுவழுப்பு ஈக்குது, புளிப்பு படாமக் காக்கிறது. இந்த மருந்து அதையும் கொறச்சிடும். பொறகு வயித்தில ஊர்ற புளிப்பே வயித்த அரிக்கும். சாப்பிட்டுட்டா குடிச்சீங்க?"

"ஆமாங்க" என்றார்கள் இரண்டு பெண்களும் ஒன்றாக. "தேத்தண்ணி குடிச்சிட்டுத்தான்."

றிப்தாவின் கை அட்டைமேல் அப்படியே நின்றது.

"வெறும் தேத்தண்ணியா?"

"சீனியோட மிஸ்."

அவள் சிரிக்கவில்லை. "தேத்தண்ணி சாப்பாடு இல்ல அம்மா" என்று மெல்லச் சொன்னாள். "சாப்பிட்டுக் குடிச்சாலும் இவ்வளவு காலம் தொடர்ந்து குடிக்கிற மருந்து இல்ல இது. இரும்புக் குளிசைக்கும் கறுப்பாப் போகும், உண்மைதான். ஆனா தாரு மாதிரிப் பிசுபிசுன்டு, கெட்ட வாடையோட போனா அது ரத்தம். தலையும் சுத்தினா ஒரு நாள் கூடப் பொறுக்கக் கூடாது, ஓடி வரணும்."

பிறகு கலாராணியின் முகத்தைப் பார்த்தாள். எழுந்து அவளுடைய கீழிமையை விரலால் இழுத்துப் பார்த்தாள். "நீங்களும் குடிக்கிறதானே?"

கலாராணி தலை குனிந்தாள்.

"நீங்களும் நிப்பாட்டணும். போறதுக்கு முந்தி ரத்தம் சோதிச்சிட்டுப் போங்கோ."

இவ்வளவு நேரம் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்ற அழகையா அப்போதுதான் வாயைத் திறந்தான். "பக்கத்துலயே படுத்தவன் நான். எனக்குத் தெரியலயே" என்றான். துஷாந்தினி அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

வீட்டுக்கு அனுப்பும்போது, காலையில் சாப்பாட்டுக்கு முன் போட ஒரு கப்சியூலும், வயிற்றில் இருந்த கிருமிக்கு மருந்தும் தந்தார்கள். முழங்காலுக்கு வேறு கிளினிக்குக்கு எழுதிக் கொடுத்தார்கள். அங்கே கட்டுப்பட்டியும் பயிற்சியும் தந்து, முடியாத நாளில் மட்டும் போட வேறு குளிசையும் கொடுத்தார்கள். வலி முழுக்கப் போகாது, குறையும் என்று சொல்லித்தான் அனுப்பினார்கள்.

கலாராணி டின்னை எடுத்துக்கொண்டு நேரே ஸனூஸ் முதலாளியிடம் போனாள். அவர் நடந்ததை முழுக்கக் கேட்டார். "சாப்பிட்டீங்களான்டு கேட்டேன். என்ன சாப்பிட்டீங்கன்டு ஒருநாளும் கேக்கல்ல. கேட்டிருக்கணும். அல்லாஹ் மன்னிக்கணும்" என்றார். இப்போது மருந்து எழுதிய துண்டில்லாமல் வலிக் குளிசை கேட்டு வருகிறவர்களை அவர் டொக்டரிடம்தான் அனுப்புகிறார்.

ஒன்றரை மாதம் கழித்து ஜீவராணி மறுபடி மலைக்குப் போனாள். இப்போது பெரட்டுக்கு முன் ஒரு பிடி சோறும் பருப்பும் தின்றுவிட்டுத்தான் புறப்படுவாள். போன முதல் நாளே ஒன்றைக் கண்டாள். மலையின் ஓரத்தில், பாறைக்குப் பின்னால், கவ்வாத்துக் கம்புகளை நட்டு மூன்று பக்கமும் படங்குத் துணி கட்டிய ஒரு மறைப்பு நின்றது. உள்ளே குழி வெட்டி, பலகை போட்டு, பக்கத்தில் தண்ணீர் வாளியும் இருந்தது. அழகையாவும் இன்னும் இரண்டு பேரும் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க அதைச் செய்திருக்கிறார்கள். வீட்டில் அவன் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. கங்காணியும் அது யார் கட்டியது என்று கேட்கவில்லை. ஒவ்வொருத்தியாகப் பெண்கள் காலையில் ரொட்டி தின்றுவிட்டு மலையேறத் தொடங்கினார்கள்.

எல்லாம் நல்லபடியாக இருந்தது. கலாராணி மட்டும் இல்லை. அவள் கடைசி நிரைக்குப் போய்விட்டாள். பத்து மணிக்கு மரத்தடிக்கு வருவதில்லை, தன் நிரை முனையிலேயே தனியாக உட்கார்ந்து ரொட்டியைத் தின்பாள். அவளை யாரும் குறை சொல்லவில்லை. ஆனாலும், "கலாராணி டொக்டரம்மா எங்க?" என்று ஒருத்தி விளையாட்டாகக் கேட்டது அவள் காதில் விழுந்துவிட்டது. அவளும் குளிசையை அடியோடு விட்டிருந்தாள். தோள்பட்டை இறுகி, கை மேலே எழும்பாமல் கிடந்தது. எவ்வளவு சொல்லியும் கிளினிக்குக்குப் போகவில்லை. எடுக்க வேண்டிய கிலோ வாரத்தில் பாதி நாள் வருவதில்லை. அந்த நாளுக்கெல்லாம் அரைப்பேர்தான், பாதிச் சம்பளம்.

ஜீவராணி ஒரு மாலை அவள் காம்பராவுக்குப் போனாள்.

"அக்கா, நாளைக்கு எம் பக்கத்துல நில்லுங்க. ஒங்க நிரையில கொஞ்சம் நான் எடுத்துக் குடுக்கறேன்."

கலாராணி விறகை அடுப்புக்குள் தள்ளிக்கொண்டே, திரும்பாமல் சொன்னாள்: "வேணாம் ஜீவா. நான் ஒனக்குக் குடுத்தது போதும். இனி எங்கிட்ட நீ வாங்கவும் வேணாம், எனக்குக் குடுக்கவும் வேணாம்."

"ஆஸ்பத்திரியில நீங்க வந்து சொல்லலைன்னா நான் இன்னிக்கு இருக்க மாட்டேனே அக்கா."

"நான் குடுக்கலைன்னா நீ ஆஸ்பத்திரிக்கே போயிருக்க மாட்ட. போ, சோறு ஆறிப்போவும்."

ஜீவராணி எழுந்து வந்துவிட்டாள். அன்றிரவு அழகையாவிடம், "அக்கா பேச மாட்டேங்குது" என்று மட்டும் சொன்னாள். "பேசும்" என்றான் அவன்.

தை பிறந்து சில நாள் கழித்து, காலையில் ஏறிய பனி மாலையாகியும் இறங்கவில்லை. அடுத்த நிரையில் நிற்கிறவள் குரலாகத்தான் தெரிந்தாள். கொழுந்தும் குறைவாக இருந்தது. நிறுவைக்குக் கொஞ்ச நேரம் இருக்கும்போது பனி சற்று விலகியது; கலாராணி கூடையை நிரை முனையில் இறக்கி வைத்துவிட்டு மறைப்புப் பக்கம் போவது ஜீவராணிக்குத் தெரிந்தது. போகிற நடையிலேயே தோளைப் பிடித்துக்கொண்டு போனாள்.

ஜீவராணி தன் கூடையோடு செடிகளுக்கிடையில் இறங்கினாள். முழங்கால் வலித்தது. அவசரப்படாமல் காலை ஊன்றி நடந்தாள். கலாராணியின் கூடை முக்கால்வாசிக்கும் குறைவாகக் கிடந்தது. தன் கூடையில் கையை விட்டாள். முற்றலாக இருந்த இலைகளை ஒதுக்கி, நல்ல கொழுந்தாகப் பார்த்து இரண்டு கையும் நிறைய அள்ளினாள். அந்தக் கூடையில் மேலாக இருந்ததை விலக்கி, அடியில் வைத்து அமுக்கினாள். மறுபடி அள்ளினாள். அவள் கூடை இறங்கியது, அக்காவின் கூடை ஏறியது. கடைசியில் கலாராணி எடுத்த கொழுந்தையே மேலே பரப்பி, கை படாததுபோல் ஆக்கினாள். மறுபடி மூடிய பனிக்குள் ஒரு குருவி கத்தியது. வேறு யாரும் அங்கே இல்லை. எல்லாவற்றையும் பார்க்கிற மாரியாத்தாளை மனதுக்குள் கும்பிட்டுவிட்டு, தன் நிரைக்கு ஏறிப் போனாள்.

நிறுவையில் புவனேந்திரன் முள்ளைப் பார்த்தார். "கலாராணி, முழுப் பேர்."

"நெசமாவா கங்காணி? திரும்பப் பாருங்க."

"தராசு என் மாமனா, ஒனக்காகப் பொய் சொல்ல? நல்ல கொழுந்தா எடுத்திருக்க, போ. அடுத்தது?"

ஜீவராணி கூடையைத் தொங்கவிட்டாள். கங்காணி முள்ளையும் அவளையும் பார்த்தார்.

"என்னம்மா, கொறையுதே. அரைப்பேர்தான் வரும். கால் வலியா?"

"ஆமாங்க."

லயத்துக்கு இறங்கும் படிக்கட்டில், திருப்பத்தில், ஒரு உருவம் நின்றது. கிட்டே போனதும் அது கலாராணி என்று தெரிந்தது. அவளுக்காகத்தான் நின்றிருந்தாள்.

"அடியே, என்னடி ஆச்சு ஒனக்கு இன்னிக்கு?"

"பனியில கை ஓடல அக்கா."

"காலையில தின்னியா இல்லையா?"

"தின்னேன் அக்கா."

கலாராணி அவள் முழங்காலைப் பார்த்தாள். பிறகு நல்ல கையால் அவளுடைய வெறுங்கூடையை வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டாள்.

"நாளைக்கு எம் பக்கத்து நிரைக்கு வந்துரு. கொறையிறதை நான் எடுத்துப் போடறேன். வேணாம்னு சொன்னியோ, அறைஞ்சிருவேன்."

"சரி அக்கா" என்றாள் ஜீவராணி.

இருவரும் மெதுவாகப் படியிறங்கினார்கள்.